ஏரிக்கரைப் பெரட்டு

வெள்ளைப்பாறைத் தோட்டத்தில், மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும், கோபத்தைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாத என் மச்சான் ஆறுமுகத்துக்கு,

கோலாலம்பூர் ஏரிக்கரைச் சாயாக்கடையிலிருந்து சன்னாசி வாயால் சொல்ல, முஹம்மது ஃபாரூக் பாய் கையால் எழுதுவது. இங்கே நானும், மகள் புனிதாவும், மருமகன் சத்தியசீலனும், என் இடது முட்டியும் சுகம். அங்கே நீயும், என் தங்கச்சி பஞ்சாலையும், உன் ஆடுகளும், நம்ம மாரியாத்தாளும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் விடியலில் ஏரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஏரியை எதற்குக் கும்பிடுகிறான் என்று கேட்காதே, சூரியன் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது.

இத்தனை வயதுக்கு மேல் எனக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். புனிதாவின் வாட்ஸ்அப்பில் நான் பேசிப் பேசி அனுப்பியதையெல்லாம் கேட்காமலே அழித்துவிட்டாயாம், பஞ்சாலை சொன்னாள். காகிதத்தை அப்படி அழிக்க முடியாது. நீ கிழித்தாலும் என் தங்கச்சி சோற்றுப்பசை வைத்து ஒட்டிப் படித்துவிடுவாள். அம்மா பஞ்சாலை, நீ படிக்கும்போது இவன் நடுவில் எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவான். போனால் நிறுத்திவிடு. வந்ததும் முதலிலிருந்து படி. இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாவது தடவை ஆடு பட்டினி கிடந்தாலும் உட்கார்ந்திருப்பான்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் பாய்க்குத் தெரியவேண்டும் அல்லவா, எழுதுகிறவர் புரியாமல் எழுதினால் எழுத்து சரியாக வராதாம், அதனால் சொல்கிறேன். நம் கோயில் திருவிழாவில் ஆத்தாளைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கித்தான் தோட்டத்தைச் சுற்றுவது வழக்கம். பையன்களெல்லாம் சுங்கை காடுட் ஃபேக்டரிக்கும் ஜொகூருக்கும் போய்விட்டதால் போன வருஷம் தோள் கிடைக்காமல் அவளை லோரியில் ஏற்றினார்கள். அந்த லோரி, வேலைக்கு ஆள் எடுத்த பழைய பெரட்டுக் களத்து மேட்டில் நின்று போனதும், ஆத்தாளை மேலே வைத்துக்கொண்டு எல்லாரும் பின்னாலிருந்து தள்ளியதும், அந்த அவமானத்தில் நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்குத் தெரியும். அன்றைக்கே கற்பூரத்தின் மேல் அடித்துச் சொன்னாய், "இனிமே ஆத்தா தோள்ல போவா, இல்லன்னா கோயில விட்டே வெளிய வரமாட்டா." இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டாய்.

"மச்சான், முன்கொம்புல வலது பக்கம் உனக்கு. ஞாயித்துக்கிழமை காலையில சப்பரம் கெளம்புது. முதல் நாளே வந்துரு லா."

"ஞாயித்துக்கிழமையா? மச்சான், அன்னிக்கு எனக்கு ஆட்டம் இருக்கு."

"என்னா இருக்கு?"

"ஆட்டம்டா. டான்ஸு."

அதோடு போனை வைத்தவன்தான் நீ. இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை. கோபித்துக்கொள். ஆனால் இந்த ஆட்டத்துக்கு முதல் காரணம் நீதான் என்பதை மட்டும் மறந்துவிடாதே. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதச் சொன்னேன்.

கெமாஸ் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், மூன்றாவது பித்தான் இல்லை. முட்டி வீங்கி நான் கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். புனிதா டவுனுக்கு வா, டாக்டரைப் பார்க்கலாம் என்று அழுகிறாள், நான் வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் அக்கா, என் பெண்டாட்டி புஷ்பவள்ளியைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? "அவளே ஒன்ன விட்டு நிம்மதியா இருக்கா, போ மச்சான்" என்று என் விரலை ஒவ்வொன்றாகத் தூணிலிருந்து பிரித்தெடுத்து, பிட்டத்தில் ஒரு தள்ளு தள்ளி ரயிலில் ஏற்றினாய். கதவு தானாக மூடிக்கொண்டது. வெளியே நீ துண்டால் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். தூசி விழுந்தது என்று இப்போது பஞ்சாலையிடம் சொல்லுவாய். மச்சான், அந்தத் தள்ளு மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கும் அந்தத் தூணோடு நின்றுகொண்டிருப்பேன். ரயிலுக்குள் குளிர்தான் தாங்கவில்லை, பக்கத்துச் சீட்டுப் பெண் தன் கைக்குட்டையை என் காதில் கட்டிவிட்டது. மற்றபடி சுகமான தள்ளு.

டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, நடங்கள் என்று சொன்னார். எங்கே நடப்பது? புனிதா வீடு பன்னிரண்டாவது மாடி. ஆனால் கீழே இறங்கிச் சாலையைத் தாண்டினால் தித்திவாங்சா ஏரி, அதைச் சுற்றிலும் புல்வெளி. முதலில் பல நாள் நான் இறங்கவே இல்லை. எனக்குத்தான் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடுமே. தோட்டத்தில் அந்த நேரத்துக்கு மணி அடிப்பார்கள். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை, உடம்புக்குள்ளேயே அடிக்கிறது. விழித்து எழுந்து ஹாலில் சோஃபாவில் உட்கார்ந்திருப்பேன், மருமகன் லைட்டைப் போட்டதும் என்னைப் பார்த்துப் பயந்து அலறுவார். பாவம், வேலைக்குப் போகிற பிள்ளை, தினமும் அலறிக்கொண்டு எழுந்தால் என்னத்துக்கு ஆகும் என்று ஒரு நாள் கீழே இறங்கிவிட்டேன்.

இன்னும் வெளுக்கவில்லை. புல்வெளியில் ஆணும் பெண்ணுமாக, எல்லாரும் என் வயசுக்காரர்கள், வரிசை கட்டி நிற்கிறார்கள். எல்லார் மேலும் ஒரே சிவப்புச் சட்டை. முன்னால் ஒரு சீன அம்மாள், கழுத்தில் விசில், கையில் அட்டை. அட்டையைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறாள், ஒவ்வொருவராகக் கையைத் தூக்குகிறார்கள். மச்சான், நீயே சொல்லு. விடிகாலை இருட்டு, பனி, வரிசை, விசில், பேர் கூப்பிடுவது. இது என்ன? பெரட்டு! தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிட, இருக்கேன் என்று சொல்லி நாம் நின்ற அதே பெரட்டு. மூளை "அடேய், நீ வெட்டுக்கத்திய வச்சு வருஷமாச்சுடா" என்கிறது. கால் கேட்டால்தானே? அதுபாட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டது. கை துண்டை எடுத்துத் தலையில் கட்டியது, லுங்கியை மடித்துக்கொண்டது. ஒரு பேரை அந்த அம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டாள், ஆள் வரவில்லை. ரப்பர்ப் பால் வெட்ட ஆள் வராத மர நிரை அடுத்தவனுக்குத்தான் என்பது நமக்குத் தெரியாதா, விட்டால் வேறு எவனாவது கேட்டுவிடுவான் என்று "சன்னாசி, இருக்கேன்!" என்று ஒரு கத்துக் கத்தினேன். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அட்டையில் ஏதோ எழுதினாள். பேர் ஏறிவிட்டது! பிறகு ஒரு பெட்டியில் பாட்டுப் போட்டார்கள். எல்லாரும் கையை மேலே தூக்கினார்கள், நானும் தூக்கினேன். இடது பக்கம் சாய்ந்தார்கள், நானும் சாய்ந்தேன். இடுப்பை ஆட்டினார்கள். இது என்ன புது மாதிரி நிர்வாகம், வேலைக்கு முன்னால் இடுப்பை ஆட்டச் சொல்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் பெரட்டில் நின்று கேள்வி கேட்டால் அன்றைக்கு வேலை போச்சு, அதனால் ஆட்டினேன். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பாக்கெட் சோயாப் பால் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நேரே அந்த அம்மாளிடம் போய், "தொரசாணி, எனக்கு எந்த நிரை?" என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒருத்தர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிற ஃபாரூக் பாய். சிரம்பானில் ரஹாங் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், இப்போது மகள் ரஷீதா வீட்டில் இருக்கிறார்.

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

"வெள்ளைப்பாறை. கெமாஸ் பக்கம். எப்படிக் கண்டுபுடிச்ச?"

"அந்தத் தலக்கட்டு ஒண்ணு போதாதா? அண்ணே, இங்க நிரையெல்லாம் கொடுக்கமாட்டாங்க."

"பின்ன என்னா வேலை?"

"ஆடுறதுதான்."

"அதான் ஆடியாச்சே. அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பசியாற வேண்டியதுதான் லா."

"யாருக்கு ஆடுறோம், பாய்? மொதலாளி யாரு?"

"யாரும் இல்லண்ணே. நமக்கு நாமதான்."

நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுசு முழுக்க இருட்டில் எழுந்து வரிசையில் நின்றிருக்கிறேன், என் அப்பன் நின்றான், அவன் அப்பன் நின்றான். மரம் எவனுக்கோ, பால் எவனுக்கோ. இந்த ஊரில் ஜனங்கள் யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பயப்படாமல், தங்கள் முட்டிக்காகவும் இடுப்புக்காகவும் பெரட்டுக்கு வந்து நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது பார், நிறுத்த முடியவில்லை. அந்தச் சீன அம்மாள் நான் மூச்சுத் திணறுகிறேன் என்று நினைத்து முதுகில் நாலு அடி அடித்தாள். அவள் பேர் மேடம் லிம். நம்மை வேலை வாங்கின கங்காணியைக் கூப்பிடுகிற மாதிரி நான் லிம் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறேன், அதை ஏதோ பட்டம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாள்.

அடுத்தது உடும்பு. பாய் இதை எழுதவேண்டாம் என்கிறார். எழுதுங்கள் பாய், ஆறுமுகம் சந்தோஷப்படுவான். ஏரிக்கரையில் ஒரு நாள் கூட்டமாக நின்று எல்லாரும் செல்போனை நீட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தால், மச்சான், உன் கை நீளத்துக்கு ஒரு உடும்பு! கொழுத்து, பளபளவென்று, வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கிறது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்களே, ஒருத்தனுக்கும் பிடிக்கத் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. துண்டை உதறினேன். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று உள்ளே புகுந்து, பின்பக்கமாகக் குனிந்து, வாலைத் தொட்டும்விட்டேன். லிம் மண்டோர் விசிலை ஊதினாள் பார், பெனால்டி கொடுத்த மாதிரி. காவலாளி ஓடி வந்தார். உடும்பு தண்ணீருக்குள், துண்டு உடும்போடு.

"அண்ணே! அத ஃபோட்டோ புடிக்கத்தான் வந்திருக்காங்க!"

"ஃபோட்டோ எடுத்துட்டு?"

"எடுத்துட்டுப் போயிருவாங்க."

"கறி?"

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. அதெல்லாம் புடிச்சா புடிச்சவன உள்ள போட்டுருவாங்க."

இப்போது அந்த உடும்பு என்னைக் கண்டால் நகர்வதுகூட இல்லை. எனக்கும் பழகிவிட்டது, தினமும் ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வருகிறேன். ஆறுமுகம் என்று பேர் வைத்திருக்கிறேன். கோபப்படாதே. கிராணி பங்களா வாசலில் உடும்பு உன் அரைக்கால் சட்டையைக் கவ்விக்கொண்டு விடாமல், நீ சட்டையை அதனிடமே கொடுத்துவிட்டு ஓடினாயே, அந்தப் பிடிவாதம் இதற்கும் இருக்கிறது. தின்னாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்காகக்கூட ஒரு உடும்பு இருக்கலாம் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

பிறகு படக் கூடம். ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய கட்டடம், உள்ளே முழுக்கச் சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள், பாய் கூட்டிக்கொண்டு போனார். தரை கண்ணாடி மாதிரி, ஒரு சத்தம் இல்லை, உள்ளே போகிறவர்கள் குசுகுசுவென்று பேசுகிறார்கள், வாசலில் யூனிஃபார்ம் சட்டை போட்ட ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். நான் விட்டதால் பாயும் விட்டார். எங்களைப் பார்த்துப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பூட்ஸைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய டூரிஸ்ட். நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் தைப்பூசத்து மலையடிவாரம் மாதிரி செருப்புக் குவியல். அந்த வாசல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். என் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான், நான் ஒரு காலில் நீலமும் ஒரு காலில் கறுப்புமாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் உள்ளே ஒரு படம் பார்த்தேன் மச்சான். ஒரு பொம்பளை, தலையில் துணி கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, கையில் வாளியோடு நிற்கிறாள். அப்படியே நம்ம புஷ்பவள்ளி. அதே முறைப்பு. "செருப்ப எங்க வுட்டுட்டு வந்த?" என்று கேட்கிற மாதிரியே இருந்தது. ரொம்ப நேரம் நின்றேன். வாசலில் விட்டிருக்கிறேன் என்று பதிலும் சொன்னேன். பாய் அடுத்த அறைக்குப் போய் நின்றுகொண்டார், நல்ல மனுஷன். டிக்கெட்டு கிடையாது, யாரும் விரட்டவில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மண்ணை விட்டு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அவள் எனக்கு முன்னாலேயே இங்கு வந்து சுவரில் நிற்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான். இந்த ஊரில் சில ஞாயிறு காலையில் நடு டவுனில் காரே விடமாட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பாயோடு ரயிலில் போய் இறங்கினால் அவ்வளவு பெரிய ரோட்டில் ஒரு காரைக் காணோம், லோரியைக் காணோம். போச்சு, பெரிய தலை எதுவோ சாய்ந்துவிட்டது, கடையெல்லாம் மூடுவதற்குள் வீட்டுக்கு ஓடிவிடலாம் வாங்க பாய் என்று கையைப் பிடித்து இழுக்கிறேன். பாய் சிரிக்கிறார். பார்த்தால் சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், நொண்டி ஒருத்தர் சக்கர நாற்காலியில் காற்றாகப் பறக்கிறார். ஓரத்தில் பெரிய வாத்தியக் கோஷ்டி, நடுவில் ஒருத்தன் குச்சியை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் ஒன்றுமே ஊதவில்லை, அடிக்கவில்லை, ஆனால் முடிந்ததும் கைதட்டை அவன்தான் வாங்கிக்கொள்கிறான். மண்டோர் எங்கேயும் மண்டோர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டின் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்து நிதானமாக ஒரு வாய் போட்டேன். வானத்தைத் தொடுகிற கட்டடமெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்க ஒரு பயல் இல்லை. துப்பத்தான் இடம் இல்லாமல் வீடு வரைக்கும் வாயிலேயே வைத்திருந்தேன், ஊர் அவ்வளவு சுத்தம்.

அந்த ரோட்டில்தான் எங்கள் பெரட்டுக் கூட்டம் மேடை போட்டு ஆடப் போகிறது. லிம் மண்டோர் என்னை முன்வரிசையில் வலது ஓரத்தில் போட்டிருக்கிறாள். நான் நன்றாக ஆடுவதால் இல்லை, வரிசை கோணாமல் நிற்பதால். "அங்கிள், பாகுஸ் லா!" என்பாள், பேஷ் என்று அர்த்தம். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் கோடு பிடிக்கிறார்கள். எனக்கும் சிவப்புச் சட்டை கொடுத்துவிட்டாள். பேர் கொடுத்தாயிற்று மச்சான். பேர் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகாமல் நான் இருந்ததே இல்லை, உனக்குத் தெரியும். இப்போது இரண்டு பக்கம் என் பேரைக் கூப்பிடுகிறார்கள், ஒரே காலையில். ஒரு பக்கம் லிம், ஒரு பக்கம் ஆத்தா. படுத்தால் இந்த விசில் சத்தம், புரண்டால் அந்த உடுக்கைச் சத்தம்.

யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் வந்தாலும் என்ன ஆகும்? முன்கொம்பில் இடது நீ, வலது நான். பின்னால் யார்? நம்ம தோட்டத்து அர்ச்சுனன் இடுப்பில் பெல்ட்டோடு நடக்கிறான். மற்றவர்கள் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாகச் சப்பரத்தில் உட்கார வைத்துக் கொண்டு போகவேண்டியவர்கள். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஆத்தா நம் தலைமேலேயே இறங்கி உட்கார்ந்துவிடுவாள். என் ஒரு தோள் வந்து இந்தக் கணக்கு நேராகாது. பிடிவாதம் வேண்டாம். லோரியை நன்றாகக் கழுவி, புது பேட்டரி போட்டு, அதில் வை. கோயிலுக்குள்ளேயே அடைத்து வைக்காதே, அவளும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளிக்காற்று வாங்குகிறாள். வெளிக்காற்று என்ன செய்யும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இந்த இடத்தில் பாய் பேனாவை வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈரத்தைக் காணோம்.

ஆகவே நான் வரவில்லை மச்சான். வராததற்கு என்னை மன்னித்துவிடு. என்னைத் தள்ளிவிட்ட கைக்கு நன்றி. தோட்டத்தை மறந்துவிட்டான் என்று சொல்லாதே. உன் மூன்றாவது பித்தான் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பஞ்சாலை, அந்தப் பித்தானைத் தைத்துக் கொடு. புனிதா உங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள். மருமகன் இப்போதெல்லாம் அலறாமல் எழுந்திருக்கிறார் என்பதைத் தெரிவிக்கச் சொன்னார். உன் ஆடு குட்டி போட, உன் கோபம் குட்டி போடாமல் இருக்க, ஆத்தா உங்களைக் காக்க.

எழுதத் தெரியாத, "இருக்கேன்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த,
சன்னாசி
(இது என் கட்டைவிரல். பாயின் பேனா ஒழுகியதால் பெரிதாக விழுந்துவிட்டது.)

பின்சேதி: மச்சான், மேலே நான் வரவில்லை என்று சொன்ன இடத்தையெல்லாம் பஞ்சாலையை அடித்துவிடச் சொல். லோரியையும் அடித்துவிடச் சொல். பாய் முகம் கழுவப் போகவில்லை, லிம் மண்டோரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். நான் கைநாட்டு வைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் விசில் ஊதிவிட்டாள். எல்லாரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள், நானும் நின்றுவிட்டேன், காலைத்தான் உனக்குத் தெரியுமே.

"சாமி எவ்ளோ கனம்னு கேக்குறாங்கண்ணே."

"ஆத்தா மனசு வச்சா பூ. வைக்கலன்னா பாறைன்னு சொல்லுங்க பாய்."

பாய் முதல் பாதியை மட்டும் மலாயில் சொன்னார். யார் தோள் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணவில்லை, கண் மறைத்துவிட்டது, தூசி. மேடை ஆட்டம் என்ன ஆவது என்று கேட்டேன். ரோடு எங்கேயும் ஓடிப்போகாது அங்கிள், அடுத்த தடவை மூடும்போது ஆடிக்கொள்ளலாம், அம்மாவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தானே என்றாளாம். சொல்லிவிட்டு உயரத்துக்குத் தகுந்த மாதிரி இப்போதே ஆட்களைப் பிரித்துவிட்டாள். ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைக்கிற கூட்டம் இது, தினமும் அதைத்தானே செய்கிறோம். சாயாக்கடை நீளப் பெஞ்சைச் சப்பரமாக வைத்து, கனத்துக்குப் பாயை மேலே உட்கார வைத்துத் தூக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம். கடைக்காரன் பெஞ்சைக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறான்.

பஸ் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடும். எல்லாரும் படுக்கப் பழைய பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவி வை. பஞ்சாலை, சாம்பாரைக் காரமாகவே வை, இந்தச் சீன அம்மாக்கள் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பவர்கள். இன்றிலிருந்து எல்லாருக்கும் மண்டோர் கவிச்சியை நிறுத்திவிட்டாள், விரதத்தில் உன்னைவிடக் கண்டிப்பு. பாய் சாமி தூக்கமாட்டார், அவருக்கு அவர் மார்க்கம். வழி நெடுக நின்று மோர் கொடுக்கிறேன், அண்டா மட்டும் தயாராக இருக்கட்டும் என்கிறார். எல்லாரும் தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், ஆட்டையெல்லாம் ஃபோட்டோ எடுப்பார்கள், நீ முறைக்காதே. உடும்பு கண்ணில் பட்டால் அரைக்கால் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

ஞாயிறு காலை இருட்டோடு எல்லாரும் பழைய பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போம். நீ வந்து பேர் கூப்பிடு மச்சான். கடைசியில் என் பேரைக் கூப்பிடு. கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடு. இருக்கேன்னு நான் சொல்லணும்.